வளைந்த நூல்

மார்ச் 4
இந்தத் தச்சுப் பட்டறையின் சக்கரவர்த்தியாகிய நான் இன்று போர் அறிவித்தேன். எதிரி, என் மனைவியின் தம்பி. என் சோற்றைத் தின்னும் துரோகி. அவன் இழைத்த கதவுச் சட்டத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். நடுவில் பாம்பு நெளிகிறது.

“கோணல்டா.”

“நேராத்தான் மாமா இருக்கு.”

“கண்ணு உனக்கா எனக்கா?”

இழைப்புளியைப் பிடுங்கி நானே சரிசெய்தேன்.

மார்ச் 6
கதவு மாட்டிய வீட்டின் சொந்தக்காரர் ஊரையே கூட்டிவிட்டார். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே யானை குட்டியோடு போகலாம். பச்சை மரத்தைத் தலையில் கட்டிவிட்டான் என்று மரக்கடைக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தேன்.

மார்ச் 7
மச்சான், கழற்றிக் கொண்டுவந்த சட்டத்தின் மேல் நூலை இழுத்துப் பிடித்தான். நூலும் நெளிந்தது.

“நூலே கோணல்டா!”

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஓங்கி ஒன்று வைத்திருப்பேன்.

இழுத்துப் பிடித்த நூல் எப்படி வளையும்?

மார்ச் 8
ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வலது கண்ணில் நெளிகிறது. இடது கண்ணில் ஒட்டடை தொங்குகிறது. ரெண்டும் போச்சுன்னா? உளி பிடிச்ச கை எதைப் பிடிக்கும்?

மார்ச் 11
கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, சூரியனைக் கயிறு கட்டி என் கண்ணுக்குள் இறக்கினாள் டாக்டரம்மா.

“சர்க்கரைக்கு மாத்திரை போடுறீங்களா?”

“தவறாம.”

“பொய்” என்றாள் என் மனைவி. வீட்டுக்குள்ளேயே ஒற்றர் படை!

“சர்க்கரையால ரத்தக்குழாய் கசிஞ்சு விழித்திரை நடுவுல வீங்கியிருக்கு. அதான் நேர்கோடு வளையுது. அந்த வலது கண்ணுக்குள்ள மாசாமாசம் ஊசி. இன்னொண்ணுக்கு லேசர்.”

“கண்ணுக்குள்ளயா? போனது திரும்புமா?”

“இருக்கறதக் காப்பாத்தலாம். கொஞ்சம் திரும்பலாம். லேட்டா வந்துட்டீங்க.”

அவள் மேஜையும் கோணல்தான். சொல்லவில்லை.

மார்ச் 19
முதல் ஊசி. கண்ணில் ஈட்டி பாய்ந்தது என்று வீட்டில் அலறினேன். மரத்துப்போக மருந்து விட்டிருந்தார்கள். எறும்பு கடித்த அளவுதான். செத்தாலும் சொல்லமாட்டேன்.

ஏப்ரல் 20
பட்டறைச் சாவி மச்சான் இடுப்பில். எனக்கு உப்புத்தாள் கொடுத்துத் தேய்க்கச் சொன்னான். சக்கரவர்த்திக்கு உப்புத்தாள்! மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்குகிறேன். அந்தச் சாவிக்காக.

ஜூலை 9
பட்டறையில் யாருமில்லை. ஊரைக் கூட்டியவர் வீட்டுக்கு மச்சான் புதிதாகச் செய்த சட்டத்தில் நூலை இழுத்துக் கட்டினேன். வலது கண்ணில் ஓரிடம் மட்டும் மங்கல். மற்றபடி நூல் நேராக இருந்தது. சட்டம் நூலைவிட நேராக இருந்தது, பாவி.

அவன் உள்ளே வந்தான்.

“தேய்ப்பு சரியில்லடா” என்றேன்.

“தேய்ச்சது நீங்க, மாமா.”