நாக்கைத் தூக்கச் சொன்னேன்

கையை இரண்டு முறை கழுவியும் பாலிஷ் பேஸ்ட்டின் புதினா வாசனை போகவில்லை. இன்று அதை உன் வீட்டுக்காரரின் பல்லுக்குப் போட்டேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாமல்தான் உனக்கு எழுதுகிறேன்.

பல் சுத்தம் செய்யும் பயிற்சியில் நம்மை ஜோடியாகப் போட்டார்கள். ஒருத்தி வாயில் மற்றவள் பழக வேண்டும். நான் நேராகக் கீழ் முன்பல்லுக்குப் பாய்வேன். பற்காரை அங்கேதானே அதிகம். நீ கருவியைத் தொடவே மாட்டாய். கன்னத்துக்குள் கண்ணாடியை விட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லி, ஓரமெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் எனக்குத் தாடை வலித்துவிடும். "சீக்கிரம் முடிடீ" என்று குழறுவேன். "பல்லு எங்க ஓடிடப் போவுது, இரு" என்பாய். சார் வேகத்துக்குத்தான் மார்க் போட்டார். உனக்கு எப்போதும் கம்மி.

உனக்குப் பயந்து புகையிலையை விட்டிருந்தவர், டெங்கு உன்னைக் கொண்டுபோனதும் மறுபடி கன்னத்தில் அடக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம்தான். இன்று கிளினிக் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தார்.

"பாப்பா ஸ்கூல்ல மீட்டிங்காம். கறைப்பல்லோட வராதப்பானு சொல்லிடுச்சு. இன்னிக்கு பௌர்ணமி, கிரிவல சவாரி ஜாஸ்தி, சீக்கிரம் விட்டுடு தங்கச்சி."

நாக்கைத் தூக்கச் சொன்னேன். அடியில் வெள்ளையாக ஒரு திட்டு, விளிம்பு தடித்திருந்தது. பஞ்சால் துடைத்தும் போகவில்லை. மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துக்கொண்டேன்.

நோய்க்குப் பெயர் வைப்பது நம் வேலையில்லையே. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வெகுநேரம் பார்த்தார். முன்பல் கறையை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு அந்தத் திட்டிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"பெருசா ஒண்ணும் இருக்காதில்ல?" என்றார் உன் வீட்டுக்காரர்.

"ரிசல்ட் வரட்டும்ணா. இன்னியோட அந்தப் பாக்கெட்ட விட்டுடுங்க."

"பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா."

சாயங்காலம் உன் மகள் போன் செய்தாள். "சித்தி, அப்பா பல்லு சூப்பரா இருக்குது. இப்ப சிரிச்சிக்கினே இருக்காரு." பேஷண்ட் காத்திருப்பதாகப் பொய் சொல்லி வைத்துவிட்டேன். நீயும் இல்லாமல், இவருக்கும் ஏதாவது ஆனால் அந்தப் பெண் யாரிடம் போவாள்?

அடுத்த வாரம் முடிவு வரும். அதுவரை எனக்குத் தூக்கம் வராது. உன்னைப் பார்த்துப் பார்த்தே பழகிய கண் இது. எத்தனையோ வாயில் சரியாகச் சொல்லியிருக்கிறது. இந்த ஒரு வாயில் மட்டும் அது தப்பாகப் பார்த்திருக்கட்டும்.