வேலிப்பழமும் அத்தையின் ஈரலும்

மார்ச் 4
ஆய்வகத்தில் ஊதாக் கரைசலில் வேலிப்பழச் சாற்றை விட்டதும் மஞ்சளாகிவிட்டது. ஆக்சிஜனேற்றத் தடுப்பில் வைட்டமின் சி-யையே ஓரங்கட்டுகிறது. பூங்கா வேலியில் காக்கா தின்று எச்சம் போடும் பழம்! வீட்டில் வாய் ஓயாமல் பீற்றிக்கொண்டேன். கணவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

மார்ச் 19
எலிகளுக்கு இன்று முதல் சாறு. முதல் கூண்டுக்குக் கொஞ்சம், இரண்டாவதுக்கு நடுத்தரம், மூன்றாவதுக்கு அதிகம். ஒன்று என் விரலைக் கடித்தது. நன்றி கெட்ட ஜென்மம்.

ஏப்ரல் 2
அத்தையின் நடையில் ஒரு மிடுக்கு. கேட்டால் சிரிக்கிறார்.

ஏப்ரல் 21
மூன்றாம் கூண்டு எலிகளின் ஈரல் என்சைம் தாறுமாறாக எகிறியிருக்கிறது; ஈரல் அடிவாங்குகிறது. என் ஆய்வுக்குக் கைடான பேராசிரியர், "அந்தக் கூண்ட விட்டுடும்மா. மத்த ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? கட்டுரை அழகா வரும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். எலி எனக்கென்ன ஒன்றுவிட்ட அண்ணனா?

ஏப்ரல் 22
ஃப்ரிட்ஜில் பால் தேடினேன். பின்னால் ஒரு பாட்டில். கருஞ்சிவப்பு. அந்த வாடை எனக்குத் தெரியாதா?

"தினமும் ஒரு டம்ளர்மா. வைட்டமின் சி எல்லாம் இதுக்குக் கால்தூசுன்னு நீதானே சொன்னே?" என்றார் அத்தை.

எலியின் அளவை அத்தையின் எடைக்கு மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் கூண்டில் உட்கார்ந்திருக்கிறார்.

ஐயோ, என்னத்தச் சொல்லித் தொலைச்சேன் நான்? பாதுகாப்பு பாக்கல, இன்னும் பாக்கலன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா?

ஏப்ரல் 24
ரத்தப் பரிசோதனை. அத்தைக்கும் ஏறியிருக்கிறது. "நிறுத்துங்க, இறங்கும்னு நினைக்கிறேன்" என்றார் டாக்டர். நினைக்கிறாராம்! பாவம், அவரும் எங்கே போய்ப் படிப்பார்? எழுத வேண்டியவள் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

ஏப்ரல் 28
கூண்டை விட மாட்டேன் என்று கைடிடம் சொன்னேன். "உங்க மாமியார் நம்ம ஆய்வுல சேர்த்தி இல்லம்மா" என்றார். இதை வீட்டில் சொன்னது என் புத்திசாலித்தனம்.

ஏப்ரல் 29
அத்தை கைப்பையோடு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். கைடு எழுந்து நின்றார்.

"தம்பி, அந்த எலிங்க குடிச்சதத்தான் நானும் குடிச்சேன். அதுங்கள மறைச்சிட்டா, என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் குடிப்பாங்க?"

கைடு தண்ணீர் குடித்தார். பிறகு அத்தைக்கு நாற்காலி போடச் சொன்னார்.

ஜூன் 16
அத்தையின் என்சைம் இறங்கிவிட்டது. கட்டுரை வரைவும் கைடிடமிருந்து திரும்பி வந்தது. மூன்றாம் கூண்டில் அவர் கை வைக்கவில்லை. தலைப்பில் நான் போட்டிருந்த ‘அற்புத’ என்ற சொல்லை மட்டும் அடித்திருக்கிறார்.