இஸ்திரியின் சட்டை

செப்டம்பர் 2, செவ்வாய்

இடுப்பு வலி பரவாயில்லை. நூலகத்தில் இன்று மேசை போட்டுவிட்டார்கள். பட்டாளத்தில் இருந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் பழைய படங்களைக் கொண்டுவரலாம் என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறது. அடுத்த மாதம் கண்காட்சி. பட்டாளத்தில் லாரி ஓட்டியவன் என்ற தகுதியில் எனக்கு ஒரு நாற்காலி. படத்தில் இருப்பது யார், எந்த வருஷம், கொண்டுவந்தவருக்கு என்ன உறவு, எல்லாம் கேட்டு ஒரு சீட்டில் எழுத வேண்டும். நூலகக்காரம்மா நகல் எடுத்துக்கொள்வார்.

மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் படத்தோடு இரண்டு மணி நேரக் கதையும் கொண்டுவந்தார். கதையில் அவர் தனியாளாக நின்று ஒரு பாலத்தைக் காப்பாற்றினார். அவர் கிடங்கில் கம்பளி எண்ணிக்கொண்டிருந்தவர் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

"ஐயா, உங்க பட்டாளத்துல எல்லாரும் அண்ணன் தம்பிங்களா?" என்று கேட்டார் நூலகக்காரம்மா. ஐந்து படங்களை வரிசையாக வைத்தார். ஐந்து முகம், ஐந்து மூக்கு, மார்பில் ஒரே பெயர். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எல்லாம், இஸ்திரி என்று நாங்கள் கூப்பிட்டவனின் சட்டை. அவன் தையல்காரர் மகன். எங்களுக்குக் கொடுத்த சட்டை சாக்குப் பை மாதிரித் தொங்கும். அவன் தன்னுடையதைப் பிரித்து, அளவு பார்த்துத் தைத்து, பெயர்ப்பட்டையையும் பையோடு சேர்த்துத் தைத்துவிட்டான். இஸ்திரி போட்டான் என்றால் மடிப்பில் விரல் வெட்டும். ஊருக்குப் படம் அனுப்ப யார் ஸ்டுடியோவுக்குப் போனாலும் அந்தச் சட்டைதான். அப்போது எல்லோரும் ஒல்லி, எல்லோருக்கும் பொருந்தியது. பட்டையை மட்டும் பிரிக்க விடமாட்டான். "பை கிழிஞ்சா உங்கப்பனாடா வந்து தைப்பான்?" சட்டைக்கு வாடகை, படத்தில் ஒரு பிரதி.

அவன் மட்டும் ஸ்டுடியோவுக்குப் போனதே இல்லை. "இருடா, கன்னத்துல கொஞ்சம் சதை போடட்டும்" என்பான். இருபத்து நான்கு வயதில், மழையில் லாரி பள்ளத்தில் கவிழ்ந்து போய்விட்டான். நான் அன்றைக்கு லீவில் இருந்தேன்.

செப்டம்பர் 10, புதன்

இடுப்பு. வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஒரு பெண் வந்தாள். நாற்பத்தாறு வயது இருக்கும். மருந்துக் கடை வைத்திருக்கிறாள். துணியில் சுற்றியிருந்த படத்தைப் பிரித்து மேசையில் வைத்து, "எங்கப்பா சார். எனக்கு ஒரு வயசா இருக்கும்போதே போயிட்டார்" என்றாள்.

பார்த்தேன். மார்பில் இருந்தது இஸ்திரியின் பெயர். முகம் என்னுடையது.

அவள் கண்டுபிடிக்க வழியில்லை. அந்தத் தலைமுடிக்கும் இந்த வழுக்கைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"வேற படம் எதுவும் இல்லையாம்மா? கல்யாணப் படம்?"

"இல்ல சார். ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுப் பண்ணிக்கிட்ட கல்யாணம். ரெண்டு வீட்லயும் சேர்த்துக்கல. அடுத்த வருஷமே அம்மாவும் போயிட்டாங்க. சித்திதான் வளர்த்தாங்க, அவங்க அப்பாவப் பார்த்ததே இல்ல. ஏழு வயசுல நான்தான் டிரங்குப் பெட்டியத் தொறந்தேன். சட்டையில அப்பா பேரு இருந்துச்சு. எழுத்துக்கூட்டிப் படிச்சேன்."

அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இப்பவும் எதுன்னாலும் மொதல்ல இவர்கிட்டதான் சொல்லுவேன். பரீட்சையா, கல்யாணமா, கடை வாடகை ஏத்திட்டாங்களா, எல்லாம்."

சீட்டில் இஸ்திரியின் பெயரை எழுதினேன். உறவு: தந்தை. என் கையாலேயே எழுதினேன்.

அந்தப் பெட்டியில் இருந்தது நான் கொடுத்த வாடகை. அத்தனை பேர் கொடுத்ததில் அது ஒன்றுதான் வீடு வந்து சேர்ந்திருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

என் மனைவியின் அலமாரியில் அதே படம் இருக்கிறது. பெண் கேட்டு அனுப்பியது. எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். இவள் முதலில் சிரித்தாள். "பேரு ஒண்ணு, சட்டையில ஒண்ணுன்னு எங்கப்பா ஒரு வாரம் தூங்கல தெரியுமா? ஏமாத்துக் குடும்பமோன்னு ஆள் விட்டு விசாரிச்சார்." அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்லப்போறீங்க?"

சொல்லப்போகிறேன் என்று நான் சொல்லவே இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

சொல்லாம விட்டா என்ன? நாப்பது வருஷமா அந்தப் பொண்ணு நிம்மதியாத்தானே இருக்கா. யாருக்கு நஷ்டம்?

இஸ்திரிக்கு. பாவி, இருந்ததே ஒரு பொண்ணு. அவளும் என் மூஞ்சியப் பார்த்து அப்பான்னு சொல்லிக்கிட்டிருக்கா. சட்டையத்தானடா கேட்டேன் உன்கிட்ட—

வெறும் கையோடு போய் "இது உன் அப்பா இல்லை" என்று மட்டும் சொல்ல முடியாது. அவன் படம் வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நான்கு பேருக்குப் போன் செய்தேன். ஒருவனுக்குக் காது கேட்கவில்லை, ஒருவன் உயிரோடு இல்லை, ஒருவன் என்னையே யார் என்று கேட்டான். கடைசியில் எங்கள் சமையல்காரன். எதையும் தூக்கிப் போடாத ஆள். தேடிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். "ஒண்ணு இருக்குடா. ஆனா பனியனோட நிக்கிறான். பரவால்லையா?"

செப்டம்பர் 26, வெள்ளி

தபாலில் வந்துவிட்டது. சமையல்கூடத்து வாசலில் எட்டுப் பேர் விறைப்பாக நிற்கிறோம். பின்னால் ஜன்னலோரம் ஒரு மேசை. கையில் இஸ்திரிப் பெட்டியோடு, பனியனில் அவன். யாரையோ திட்டிக்கொண்டே சிரிக்கிறான்.

இத்தனை வருஷமாக நான் ஞாபகம் வைத்திருந்த முகம் இது இல்லை. இன்னும் உருண்டையாக நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

சொல்லிவிட்டேன். நகல் எடுத்த படத்தை வாங்க வந்தவளை உட்காரவைத்து, சமையல்காரன் அனுப்பியதை முதலில் காட்டினேன்.

"யாரு சார் இது?"

"உங்கப்பா."

"ஏன் பனியனோட இருக்கார்?"

"சட்டை முன்னால நிக்கிறவன் உடம்புல இருக்கும்மா."

வாடகைக் கதையைச் சொன்னேன். அப்புறம் தன் படத்தின் கண்ணாடி மேல் விரலை வைத்தாள். "அப்போ இவர்?"

"நான்தாம்மா."

என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நாப்பது வருஷம் சார்" என்றாள். பனியன் படத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். என்னை மேசையிலேயே விட்டுவிட்டாள்.

அக்டோபர் 1, புதன்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பாலத்தைக் காப்பாத்தினவர்கிட்ட மட்டும் மூடத் தெரிஞ்சுது.

அக்டோபர் 7, செவ்வாய்

அவள் வரவில்லை. மருந்துக் கடைப் பக்கம் போனேன், எதிர் நடைபாதையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். வீட்டில் இவளிடம், காய்ச்சல் மாத்திரை வாங்கப் போனதாகச் சொன்னேன். "காய்ச்சல் யாருக்கு?" என்றாள்.

இஸ்திரியின் சட்டையில் மொத்தம் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். நூலகக்காரம்மா எல்லாரையும் ஒரே சுவரில் மாட்டப்போகிறார். என்னுடையது மட்டும் மேசை டிராயரில் கிடக்கிறது. அவளைக் கேட்காமல் எப்படி மாட்டுவது?

அக்டோபர் 10, வெள்ளி

நாளை கண்காட்சி. காலையில் ஆணி அடிக்கிற சத்தத்துக்கு நடுவே அவள் வந்தாள். கையில் கடைச் சாவி. உட்காரவில்லை.

"அப்பாவ வீட்ல மாட்டியாச்சு. என் பொண்ண விட ரெண்டு வயசுதான் பெரியவர் சார். அவரப் பார்த்தா அப்பான்னு கூப்பிடவே வரல, பையன்னுதான் தோணுது. பழக நாளாகும்."

"ஆகும்மா."

"இங்கயும் மாட்டணும்னா ஒரு நகல் எடுத்துக்குங்க." பனியன் படத்தைப் பையிலிருந்து எடுத்தாள். "என்னோடது எங்க?"

டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். "இதையும் மாட்டுங்க. முடிஞ்சதும் நானே வந்து எடுத்துக்குவேன், தொலைச்சுடாதீங்க. இந்தச் சீட்டு தப்பு, வேற குடுங்க."

நின்றபடியே எழுதினாள். பாதியில் நிமிர்ந்து, "நீங்க அப்பாவுக்கு மூத்தவரா, இளையவரா?" என்று கேட்டாள்.

வயதும் எழுத வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "ரெண்டு வயசு இளையவன்" என்றேன்.

எழுதி முடித்துப் படத்தின் மேல் வைத்தாள். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். படத்தில் இருப்பவர்: என் பெயர். அதன் கீழே சீட்டில் இல்லாத ஒரு வரியை அவளே சேர்த்திருந்தாள். சட்டை: அப்பாவுடையது. உறவு: சித்தப்பா.