சர்வாலி சொல்லாத பெயர்

அக்டோபர் 7
கிரேக்கத்தின் சாமோஸ் தீவில் மழை. அகதி முகாமில் மறுபடியும் மின்சாரம் போய்விட்டது. புகலிட மனுக்களைக் கேட்டு முடிக்க எங்கள் நாட்டுக்கு ஆள் போதவில்லை என்று ஐரோப்பிய முகமை ஆள் அனுப்புகிறது. வேலை பிடிபடும் நேரத்தில் கப்பலேறிவிடுகிறார்கள். இந்த முறை காரெல், எஸ்டோனியாக்காரன். நான் மட்டும் அதே நாற்காலியில். முதுகு போயே போய்விட்டது.

அக்டோபர் 9
ஒரு மனுவை நிராகரிக்கச் சொல்லும் கருத்துரையை காரெல் என் மேசையில் வைத்தான். நான் பார்த்துக் கையெழுத்திட்டால் எங்கள் நாட்டுப் புகலிட அலுவலகத்துக்குப் போகும், முடிவு அவர்களுடையது.

மனு சர்வாலியுடையது. ஆப்கானிஸ்தான், மலைப்பக்கம். மனைவி வேறு படகில் ஏறி, இப்போது ஏதென்ஸ் பக்கத்து முகாமில். ஏழு மாதக் கர்ப்பம். பிரசவத்துக்கு முன்னால் அவளிடம் அனுப்பச் சொல்கிறான். கரையில் பதிந்தபோது மனைவி பெயர் என்று அவன் சொன்ன பெயரில் அங்கே யாருமில்லை. விசாரணையில் கேட்டால் மூத்த பிள்ளையைச் சொல்லி "சமீமோட அம்மா" என்கிறான், அதற்குமேல் வாயே திறக்கவில்லை.

"பொண்டாட்டி பேர் தெரியாதவன் என்ன புருஷன்? புளுகுறான், எவாந்தியா," என்றான் காரெல்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கையெழுத்திடாமல் வந்தேன்.

அக்டோபர் 10
தலைவலி. கையெழுத்திடவில்லை.

அக்டோபர் 13
ஆப்கானிய மொழிபெயர்ப்பாளர் ஹோமாயூனோடு வாசலில் சிகரெட். பாத்திரம் கழுவாத என் கணவன் ஸ்டெலியோஸைத் திட்டித் தீர்த்துவிட்டுச் சும்மா கேட்டேன், "ஆமா, உங்க வீட்டம்மா பேர் என்ன?"

மனிதருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "ரெண்டு வருஷமா கூட வேலை பாக்குறீங்க மேடம். எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

கடவுளே! அந்நிய ஆண்கள் முன்னால் மனைவி பெயரைச் சொல்வது அவர்களுக்கு மானக்கேடு. அன்று விசாரணை அறையில் அவனோடு இருந்தது காரெலும் ஹோமாயூனும், இரண்டும் ஆண்கள்.

"முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"அவர் சொல்றதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். சொந்தமா ஒரு வார்த்தை சேர்த்தா வேலை போயிடும்."

கோபம் வந்தது. யார்மேல்? கையெழுத்திட்டிருந்தால்?

அக்டோபர் 16
மறுவிசாரணை. கரையில் சொன்ன பெயர் யாருடையது என்றேன். சர்வாலி தலை குனிந்தான். "பின்னால எங்க ஊர்க்காரனுங்க நின்னானுங்க. வாய்ல வந்தது எங்க மாட்டோட பேரு."

காரெல் சிரித்துவிட்டான். பெண்ணான என்னிடம் மட்டும் பெயரைச் சொன்னால் போதும் என்று ஹோமாயூனை விட்டுச் சொல்லச் செய்து, ஆண்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னேன்.

"மொழிபெயர்ப்பாளர் இல்லாம எப்படி? விதிமுறை—"

"பேருக்கு எதுக்குப்பா மொழிபெயர்ப்பு? போ."

கதவு சாத்தியதும் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு முறை சொன்னான். ஏதென்ஸ் பக்கத்து முகாமில் ஒருத்தி, கணவன் சர்வாலி என்று சொல்லிக்கொண்டு காத்திருப்பவள், தந்த பெயர் அதேதான். விசாரணைப் பதிவை ஹோமாயூன் அவனுக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியை என் கையால் மூடிக்கொண்டேன். ஹோமாயூனும் எட்டிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 17
மனைவியிடம் அனுப்பலாம் என்று கருத்துரையை நானே திரும்ப எழுதி அனுப்பினேன். தூக்கம் வருகிறது.

நவம்பர் 4
பதில் இல்லை. இவர்கள் முடிவு செய்வதற்குள் பிள்ளை நடக்க ஆரம்பித்துவிடும்.

நவம்பர் 19
அனுமதி! மாலைக் கப்பலில் போனான்.

டிசம்பர் 8
பெண் குழந்தை. சர்வாலி பக்கத்திலேயே இருந்தானாம்; ஹோமாயூனுக்குப் போன் வந்தது.

நாளை ஊருக்குப் போகிற காரெல் கேட்டான், "அந்த அம்மா பேர் என்ன? கடைசி வரைக்கும் எனக்குத் தெரியவே இல்லையே." கோப்பில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள் என்றேன்.

இங்கேயும் எழுதப் போவதில்லை. ஸ்டெலியோஸ் இந்த நோட்டைத் திருட்டுத்தனமாகப் படிப்பான். அவனும் அந்நிய ஆண்தானே.