மாப்பிள்ளை காரில் ஏசி குளிரவில்லை

திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை. நலமில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கு என்ன குறைச்சல்.

போனில் பேசினால் போதாதா என்று நினைப்பீர்கள். மூன்று தடவை பேசிப் பார்த்தேன். முதல் தடவை மீட்டிங்கில் இருந்தீர்கள். இரண்டாம் தடவை மீட்டிங்குக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். மூன்றாம் தடவை மீட்டிங் முடிந்து களைத்துப் போயிருந்தீர்கள். கடிதம் உங்கள் மேஜையில் கிடக்கும். என்றைக்காவது பொழுது போகாதபோது படிப்பீர்கள்.

என் பெண் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு உங்கள் காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். எட்டு மணி நேரப் பயணம். இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முகம் அவித்து எடுத்த மாதிரி இருந்தது. டிக்கியில் இரண்டு பெட்டி. உங்கள் அத்தை கொடுத்த தண்ணீரைச் செம்போடு குடித்துவிட்டு, "இனிமே அங்க போறதா இல்லம்மா" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன் என்று போய்ப் படுத்துவிட்டாள்.

அவள் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்ததில் ஒன்று தெரிந்தது. உங்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்ததாம். சாமான் ஏற்றுகிற ஆட்கள் வாசலில் வந்து மணியடித்தபோதுதான் வீடு மாறுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியுமாம். தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறவள். அந்த வேலையை விட்டு வர முடியாது என்று மாற்றல் பேச்சு எழுந்தபோதே சொன்னாளாம், நீங்கள் "ம்" என்றீர்களாம். அட்டைப்பெட்டி வாங்க நேரம் இருந்திருக்கிறது, பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்க நேரமில்லை. பெரிய இடத்து உத்தியோகம், இருக்கும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தக் குடும்பம் உடையக் கூடாது. நீங்கள் நேரில் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, அவளை அழைத்துப் போக வேண்டும். அதற்குள் அந்தக் காரைச் சரிபண்ணி வைக்கிறேன். அந்த அடுப்பில் அவளை மறுபடியும் உட்கார வைத்து அனுப்ப மாட்டேன்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். ஏசியைப் போட்டால் அனல் அடிக்கிறது. முன் சீட்டுக்கு எதிரே இருக்கும் சின்ன அறையைத் திறந்தேன். ஒர்க்ஷாப் ரசீதுகள். ஒரே வருடத்தில் மூன்று தடவை கேஸ் நிரப்பியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை, அது சமையல் கேஸ் இல்லை, எரிந்து தீர்ந்து போவதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் நிரப்பிக்கொண்டே இருப்பதற்குப் படிப்பு எதற்கு? நான்காவது ரசீது அதைவிடப் பிரமாதம். கம்ப்ரசரையே மாற்றியிருக்கிறார்கள். கழற்றியதை ஒருவன் விற்றிருப்பான், மாட்டியதை ஒருவன் விற்றிருப்பான், நடுவில் நீங்கள் சாவியைச் சுற்றிக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

நான் முப்பத்தெட்டு வருடம் குளிர்பதனக் கிடங்குகளில் மெக்கானிக்காக இருந்தவன். டன் கணக்கில் மீனையும் ஐஸ்கிரீமையும் கெட்டுப்போகாமல் காத்தவன். ஒரு காருக்குள் இருக்கிற குளிர்ச்சி எனக்கு எந்த மூலைக்கு? இன்று காலை பானெட்டைத் திறந்து ஆரம்பித்துவிட்டேன். உங்கள் மனைவி பக்கத்தில் நின்று, டாஷ்போர்டுக்குப் பின்னால் டக்டக்கென்று சத்தம் வருகிறது, அதை முதலில் பார் என்றாள். ஓடித் தேய்ந்த காரில் டக்டக் வராமல் பாட்டா வரும் என்று சொல்லி, காபி போட அனுப்பினேன்.

எப்போது வருகிறீர்கள் என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
மரியாதையைக் கைவிடாத
உங்கள் மாமனார்

—

அடுத்த வாரம், புதன்கிழமை

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதத்துக்குப் பதிலாக உங்கள் குறுஞ்செய்தி வந்தது. நான்கு வரி. அதில் மூன்று வரி காரைப் பற்றி. கம்ப்ரசருக்கு வாரண்டி இருக்கிறதாம், வெளி ஆளைத் தொடவிடக் கூடாதாம், இன்ஷூரன்ஸ் தேதி நெருங்குகிறதாம். கடைசி வரியில் என் பெண்ணை விசாரித்ததாகச் சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்க்காததே நல்லது.

வெளி ஆள் என்றது என்னைத்தான் என்று உங்கள் அத்தை சொல்கிறாள். பரவாயில்லை. அந்த வெளி ஆள் ஒன்பது நாளாக வெயிலில் நிற்கிறான்.

நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் புரிகிற மாதிரியே. ஏசியின் இரண்டு குழாய்களில் அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டினேன். இரண்டு முள்ளும் இருக்க வேண்டிய இடத்தில் அசையாமல் நின்றன. கம்ப்ரசர் ஓடுகிறது. உள்ளே போகிற குழாயைத் தொட்டால் விரல் விறைக்கிறது, வெளியில் தண்ணீர் முத்து முத்தாகத் துளிர்க்கிறது. ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்தால் முகத்தில் வெக்கை. குழாயில் இருக்கிற குளிர் காற்றில் ஏன் வரவில்லை? கேஜ் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டினேன். பழைய சகா ஒருவரிடம் வேறு கேஜ் இரவல் வாங்கினேன். அதுவும் அதே பொய்யைச் சொன்னது.

பிறகு இருந்த கேஸை முழுவதும் வெளியே எடுத்து, உள்ளே காற்றே இல்லாமல் உறிஞ்ச ஒரு மணி நேரம் வாக்குவம் போட்டு, எடை பார்த்து மறுபடியும் நிரப்பினேன். சிரிக்காதீர்கள். நீங்கள் நிரப்பியது வேறு, நான் நிரப்பியது வேறு. நான் அளந்து நிரப்பினேன். அப்படியும் அனல்தான். முன்னால் இருக்கிற கண்டென்சரில் அடைத்திருந்த பூச்சி, தூசி எல்லாவற்றையும் கழுவினேன். கேஸை அளவாக உள்ளே விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வை மாற்றினேன். எதற்கும் அசையவில்லை. கடைசியில் உங்கள் புண்ணியத்தில் மாட்டிய அந்தப் புதுக் கம்ப்ரசர்தான் மட்டம் என்கிற முடிவுக்கு வந்திருக்கிறேன். வாங்கியவர் அப்படி, வந்ததும் அப்படித்தான் இருக்கும்.

என் பெண் நடுவில் இரண்டு தடவை வந்து அந்த டக்டக்கைப் பற்றியே பேசினாள். வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வருகிறதாம், பத்துத் தடவை அடித்துவிட்டு நிற்கிறதாம், அவள் எண்ணிப் பார்த்தாளாம். கையில் ஸ்பானரும் நெற்றியில் வியர்வையுமாக இருக்கிறவனிடம் வந்து சொல்கிற விஷயமா இது? பார்க்கலாம் என்றேன். உங்கள் அத்தை வாசற்படியில் நின்றுகொண்டு, "அவ ஏதோ சொல்ல வர்றா, ஒரு நிமிஷம் காது குடுத்துக் கேளுங்களேன்" என்று என்னை முறைத்தாள். இந்த வீட்டில் எல்லோரும் மெக்கானிக் ஆகிவிட்டார்கள்.

அவளுடைய லீவு இன்னும் சில நாளில் முடிகிறது. முடிந்தால் அவள் எந்தப் பக்கம் போவாள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறாள். உங்களுக்கு அக்கறை இருந்தால் கிளம்பி வாருங்கள். இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் தேதியையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு வருவது அதுதானே.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

—

ஞாயிற்றுக்கிழமை

மாப்பிள்ளைக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். மீட்டிங் இருந்தாலும் படியுங்கள்.

கார் சரியாகிவிட்டது. நான் சரிபண்ணவில்லை.

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். எஞ்சின் சத்தம் கேட்டு எழுந்து போனால், பானெட் திறந்திருக்கிறது, பக்கத்தில் என் பெண். எஞ்சினிலிருந்து காருக்குள் போகிற ஒரு ரப்பர் குழாயில் துணியைச் சுற்றி, என் பெட்டியிலிருந்த இடுக்கியால் அதை நெருக்கிப் பிடித்து வைத்திருந்தாள். ரப்பர் வெட்டுப்படக் கூடாதென்றுதான் துணி. நான் கூட அவ்வளவு பதமாகச் செய்திருக்க மாட்டேன். "உள்ள வந்து உக்காருப்பா" என்றாள். உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷத்தில் ஏசியிலிருந்து சில்லென்று காற்று வந்தது. கை மயிர் குத்திட்டு நின்றது.

அந்தக் குழாயில் ஓடுவது எஞ்சினின் வெந்நீர். குளிர்நாளில் காருக்குள் சூடு கொடுப்பதற்காக வைத்திருக்கிறார்கள். சூட்டுப் பக்கமா, குளிர் பக்கமா என்று காற்றைத் திருப்பிவிட டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அதைத் தள்ளுகிற மோட்டாரில் ஒரு பிளாஸ்டிக் பல் உடைந்துபோய், கதவு சூட்டுப் பக்கமே நின்றுவிட்டது. அந்த மோட்டார் திரும்ப முடியாமல் முட்டிக்கொள்கிற சத்தம்தான் டக்டக். கேஸில் குறையில்லை. கம்ப்ரசரில் குறையில்லை. ஏசி முதல் நாளிலிருந்து குளிரைக் கொடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நாம் இரண்டு பேரும் சரியாக இருந்ததையெல்லாம் கழற்றி மாட்டியிருக்கிறோம்.

எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நேற்றிலிருந்து மண்டையைக் குடைகிறேன். என் வாழ்நாளில் பார்த்த கிடங்குகளில் ஒன்றிலும் ஹீட்டர் கிடையாது. மீன் அறைக்குள் எவன் வெந்நீர்க் குழாய் போடுவான்? குளிரவில்லை என்றால் குளிர்ச்சியில்தான் கோளாறு, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்திலிருந்து சூடு வரும் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. முப்பத்தெட்டு வருட சர்வீஸ் என்று உங்களிடம் பீற்றிக்கொண்டேன். அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

உதிரிபாகக் கடைக்கு அவளே போய் மோட்டார் வாங்கி வந்தாள். முன் சீட்டில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, முக்கால் மணியில் மாட்டினாள். நான் ஸ்குரூக்களை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றேன்.

முடித்து எழுந்து கையைத் துடைத்தபடி சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஒரு வருஷம் அவர்கிட்ட சொன்னேன், கேக்கல. எட்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு உன்கிட்ட வந்தேன். நீயும் என்னைக் காபி போடத்தான் அனுப்பின."

உங்களை என்னவெல்லாம் எழுதினேன்! ஒன்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, அத்தனைக்கும் நீங்கள் தகுதியானவர்தான். என் பெயரையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்கிறேன், அவ்வளவே. ஐந்து வருடம் முன்பு நீங்கள் பெண் பார்க்க வந்து போன அன்று மாலை, "நான் பேசும்போது அவர் போனைப் பாத்துக்கிட்டே இருந்தாருப்பா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றாள். பெரிய வேலையில் இருக்கிற பையன் அப்படித்தான் இருப்பான் என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன். உங்களைப் பிடித்துக்கொண்டு வந்தது நான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நேற்று அந்தக் காருக்குள்ளேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். சொல்லு என்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னாள். சாமான் ஏற்ற ஆள் வந்தது அதில் கடைசி விஷயம். அதற்கு முன்னால் இருப்பவை ஏராளம். ஒன்றையும் இங்கே எழுத மாட்டேன். நான் எழுதினால் நீங்கள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, புரிந்துவிட்டது என்பீர்கள். அவள் வாயால் கேளுங்கள். நடுவில் நான்கு தடவை எனக்கு யோசனை சொல்ல நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டேன். அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வயதில் தெரிகிறது.

வருகிற வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறாள். உங்கள் வீட்டுக்கு இல்லை, என் வீட்டிலும் இருக்கப் போவதில்லை. பரிசோதனைக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துவிட்டாள். இங்கேயே இரு என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றாள். அந்த மாட்டேனை முதல் தடவையாகக் காதில் வாங்கிக்கொண்டேன். மாப்பிள்ளைக்குத் தெரிவிக்கலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், சரி என்றுதான் ஆட்டினாள். வா என்றோ வராதே என்றோ சொல்லவில்லை.

முதல் கடிதத்தில், வந்து தலையைக் குனிந்து அழைத்துப் போங்கள் என்று எழுதியிருந்தேன். அது என் ஆசை. அவளைக் கேட்டு எழுதியதல்ல. இப்போது வேண்டுவது இது மட்டும்: வியாழக்கிழமைக்குள் வாருங்கள். பூவும் புடவையும் வேண்டாம். போனை அணைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அவள் எதிரே உட்காருங்கள். அவள் முடிக்கிற வரைக்கும் பேசாதீர்கள். முடித்தபின் அவள் போகிறேன் என்றால், வழியை விட்டு எழுந்து நில்லுங்கள். நானும் உங்கள் பக்கத்தில் நிற்கிறேன்.

அவள் நன்றாக இருக்கட்டும். உங்களோடு இருந்தா, தனியாக இருந்தா என்று இனிமேல் நான் சொல்லப் போவதில்லை. நீங்களும் நன்றாக இருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனாலும் மனதார எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அவள் அப்பா