அண்ணனுக்குப் பதினைந்து பாயிண்ட்

2023 பிப்ரவரி 6

வேலை ராஜபாளையத்தில், வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். இந்த ஒரே பஸ் ரூட்டில் என் ஆயுசு முடிந்துவிடும் போலிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே திரும்பி ஏற வேண்டும் போல் ஒரு பரபரப்பு. ஏறி எங்கே போவது? அதுதான் தெரியவில்லை.

சவூதியா, ஜெர்மனியா, கனடாவா? சவூதி என்றால் ஒப்பந்தம் முடிந்ததும் இதே பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். ஜெர்மனிக்கு முதலில் மொழி படிக்க வேண்டும். என்னோடு அதே வார்டில் நர்ஸாக இருக்கும் யோகேஸ்வரி படிக்கிறாள். "அந்தப் பாஷைல டேபிள் ஆம்பளையாம் ஷமீமா, நான் எங்க போய் முட்டிக்கிட?" என்று டீ குடிக்கும்போது புலம்பினாள். கனடாவில் நிரந்தரமாகத் தங்க விசா கொடுக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் பாயிண்ட். வயதுக்கு, படிப்புக்கு, ஆங்கிலத்துக்கு. முப்பது ஆனால் குறைய ஆரம்பிக்குமாம். எனக்கு வரும் ஜனவரியில் முப்பது. பெண் பார்க்க வருகிறவர்கள்தான் வயதைச் சொல்லி மதிப்பைக் குறைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கனடாவுமா?

பிப்ரவரி 7

கனடாதான். ஹாரிஸ் அண்ணன் அங்கே இருக்கிறான். வேறென்ன யோசனை?

மார்ச் 18

இங்கிலீஷ் பரீட்சையில் நல்ல மார்க். ராஜபாளையத்தில் விசா கன்சல்டன்ட் வேலுசாமி சாரிடம் போனேன். கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினார்.

"அண்ணன் தம்பி யாராச்சும் கனடால இருக்காங்களாம்மா?"

"அண்ணன் இருக்கான் சார். எட்மண்டன்ல. சிட்டிசனே ஆயிட்டான்."

"இத மொதல்லயே சொல்ல மாட்டீங்களா! பதினஞ்சு பாயிண்ட்!"

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஏட்டி, ஊர்ல எனக்கு மதிப்பே கிடையாது, கனடால பதினஞ்சு பாயிண்டா?" என்று அப்படிச் சிரித்தான்.

ஏப்ரல் 22

கனடாவிலிருந்து அழைப்பு ஒன்றும் வரவில்லை.

மே 30

ஒன்றும் இல்லை. டூட்டியில் போனை எடுத்து எடுத்துப் பார்த்து ஹெட் சிஸ்டரிடம் திட்டு வாங்கினேன்.

ஜூலை 6

வந்துவிட்டது! விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு. அவர்கள் போட்ட கோட்டுக்கு மேலே ஏழே ஏழு பாயிண்ட். எல்லாம் அண்ணன் புண்ணியம். அத்தா கடைப் பையன்களுக்கெல்லாம் அல்வா வாங்கிக் கொடுத்தாராம். அம்மா இப்போதே கம்பளி எங்கே விற்கும் என்று விசாரிக்கிறாள்.

ஜூலை 14

இன்று வேலுசாமி சார், "உங்க பிறப்புச் சான்றிதழும் அண்ணன் சான்றிதழும் கொண்டாங்க. கூடப்பிறந்தவங்கன்னு காட்ட அப்பா பேரோ அம்மா பேரோ ஒண்ணா இருக்கணும்" என்றார்.

எப்படி ஒன்றாக இருக்கும்? நான் ஷமீமா அசன் முகம்மது. அவன் ஹாரிஸ் அப்துல் ரஹ்மான். அவன் பெரியத்தா மகன், அத்தாவின் அண்ணன் பிள்ளை இல்லையா?

சொன்னேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "அப்ப அண்ணன்னு ஏன்மா சொன்னீங்க?"

அண்ணனை அண்ணன் என்று சொல்லாமல்? பெரியத்தா மவுத்தானபோது அவனுக்கு நாலு வயது. அடுத்த வருடமே பெரியம்மாவும் போய்விட்டார். அதிலிருந்து எங்கள் வீடுதான். எனக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அவன்தான். நான் பொய் சொல்லவில்லையே. அவர் கேட்டதும் தமிழில்தானே?

கனடாவில் அவனுக்குப் பெயர் 'கசின்'. கசினுக்குப் பாயிண்ட் கிடையாது. பதினைந்தை எடுத்தால் நான் கோட்டுக்குக் கீழே.

ஜூலை 15

அம்மாவுக்கு ஆத்திரம். "அவனுக்குச் சோறு ஊட்டி வளத்தவ நான். இல்லைங்கதுக்குக் கனடாக்காரன் யாரு?"

ஜூலை 19

வேலுசாமி சாரே வழி சொன்னார். "சின்ன வயசுலயே உங்க அப்பா தத்து எடுத்துட்டதா ஒரு பத்திரம். பழைய தேதி போட்டுக் குடுக்க ஆளு இருக்கு. அண்ணன் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

மாட்டினால் ஐந்து வருடம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது. அண்ணனுக்கு என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "அவரு சிட்டிசன்மா" என்றார். அது பதிலா?

ஆனாலும் மனசு அதையே சுற்றுகிறது. வளர்த்தது உண்மை. ஊட்டியது உண்மை. தேதி மட்டும்தானே பொய்?

அத்தாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பிள்ளைய வளக்கலாம். அவன் அத்தா பேர எடுத்துட்டு எம்பேரப் போடக் கூடாது. நம்ம மார்க்கத்துல இல்ல" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். எனக்குக் கோபமாக வந்தது. மார்க்கமா பஸ் ஏறி வேலைக்குப் போகிறது? — எழுதியதும் பயமாக இருக்கிறது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஜூலை 23

ஞாயிற்றுக்கிழமை. அண்ணனே கூப்பிட்டான். அம்மா சொல்லியிருக்கிறாள்.

"ஷமீ, எங்க அத்தா மொகமே எனக்கு நெனப்பு இல்ல. வீட்டுல ஒரு போட்டோகூடக் கிடையாது. எம்பேருக்குப் பின்னால அவுக பேரு வருதுல்ல, அம்புட்டுதான் எனக்கு மிச்சம்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"நீ கேட்டன்னு வையி, கையெழுத்துப் போட்டுருவேன். அதுனால கேக்காத."

போனை வைத்தபிறகு குளியலறைக்குப் போய் அழுதேன். கனடா போச்சே என்று பாதி. இவனிடம் கேட்க இருந்தேனே என்று மீதி.

ஜூலை 24

அழைப்பை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். 'கூடப்பிறந்தவர்' என்ற இடத்தில் 'இல்லை' என்று மாற்றினேன். வேலுசாமி சார், "நல்ல வாய்ப்பும்மா" என்று உச்சுக்கொட்டினார்.

2024 ஜனவரி 11

முப்பது. ஐந்து பாயிண்ட் அவுட். யோகேஸ்வரி கேக் வெட்ட வைத்தாள்.

பிப்ரவரி 27

ஒரு மாகாணம் நர்சுகளைத் தனியாக எடுக்கிறதாம். அவர்களே பரிந்துரைத்தால் பாயிண்ட் மலைபோல ஏறும். அங்கே அண்ணனும் தேவையில்லை, கசினும் தேவையில்லை. வேலுசாமி சாரிடம் போகவில்லை. நானே படித்து நானே நிரப்பினேன்.

ஏப்ரல், மே, ஜூன்

எழுதப் பிடிக்கவில்லை. பஸ். வார்டு. பஸ்.

ஆகஸ்ட் 9

யோகேஸ்வரி ஜெர்மனிக்குப் போய்விட்டாள், டேபிளைத் திட்டிக்கொண்டே. எனக்கு அந்த மாகாணத்தின் பரிந்துரை வந்து, மெடிக்கல் பரிசோதனையும் முடிந்தது.

நவம்பர் 20

பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்திருக்கிறது. அதில் அத்தா பெயரைத் தடவிப் பார்த்தேன்.

டிசம்பர் 3

நாளை கிளம்புகிறேன். பெட்டி நிறைய அம்மாவின் கம்பளி. எட்மண்டனில்தான் இறங்குகிறேன், அண்ணன் ஏர்போர்ட்டுக்கு வருகிறான்.

எனக்கு ஒரே படபடப்பு. அங்கே இறங்கியதும் இமிக்ரேஷன் ஆபீசர், கூட்டிப் போக யார் வருகிறார்கள் என்று கேட்பாராம். மறுபடி ஏதாவது தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டால்? அண்ணனிடமே போனில் கேட்டேன்.

"கசின்னே சொல்லிறட்டுமா?"

"அங்கன பாயிண்ட் எதுவும் போட மாட்டான்ட்டி," என்றான். "அண்ணன்னே சொல்லு."