பக்கத்தில் உட்காரும் வசதி

படப்பை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சாம்சனுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். போலந்தில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று சொன்னாய். வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொள். போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நல்லா இருக்கேன், டைம் ஆச்சு என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க உனக்கு மனம் வராது.

அப்பாவுக்கு இந்த மாதம் கம்பெனி பஸ்ஸில் நைட் ஷிப்ட். எனக்கு ஒரகடம் கேன்டீனில் காலை ஷிப்ட். நான் வரும்போது அவர் தூங்குகிறார், நான் தூங்கும்போது அவர் கிளம்புகிறார். குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்துத்தான் மனுஷன் சாப்பிட்டாரா என்று தெரிந்துகொள்கிறேன். தெருவில் பேச ஆளில்லை. எல்லா வீட்டிலும் வாடகைக்கு வந்த பிள்ளைகள். ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள், வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

நீ விட்டுப்போன கேம் மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, சமையலை முடித்து, வாராவாரம் நீ அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் சேர்ந்து ஆடுவோமே, அதற்காகச் சாயங்காலம் ஆன் செய்தேன். இங்கிலீஷில் ஏதோ வந்தது. எப்போதும் வருகிற அப்டேட்தானே என்று ஓகே அழுத்தினேன். மெஷின் அணைந்து திரும்ப வந்ததும் நம் படகு விளையாட்டு இருக்கிறது, ஆனால் உன்னைக் கூப்பிடுகிற இடம் மட்டும் இல்லை. நான்தான் எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டேன் என்று பயந்து ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். அப்புறம் நீ போன் பண்ணி, அப்டேட்டில் எடுத்துவிட்டார்கள், விடும்மா என்றாய். நீ விட்டுவிட்டாய். என்னால் விட முடியவில்லை.

மாடியில் குடியிருக்கும் அருள்பாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், ஒரகடம் ஃபாக்டரியில் லைன் வேலை. அந்த இங்கிலீஷைப் படித்து அவர்தான் விளக்கினார். தூரத்தில் இருப்பவரை நம் டிவி முன்னால் இரண்டாவது ஆளாக உட்காரவைக்கிற வசதியைக் கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டானாம். காசு கொடுத்து வாங்கின பொருளுக்குள் கைவிட்டு எப்படி எடுக்கலாம் என்று கேட்டேன். “பொட்டி மட்டுந்தான் நம்மது, அக்கா. உள்ள இருக்கதெல்லாம் அவங்க நெனச்சா குடுப்பாங்க, நெனச்சா எடுத்துக்கிடுவாங்க” என்றார்.

என் பேரில் கம்பெனிக்கு ஒரு புகாரும் எழுதிப்போட்டார். பதில் வந்தது. அந்த வசதியை மிகக் குறைவான பேர்தான் உபயோகிக்கிறார்களாம், அதனால் எடுத்தார்களாம். அந்தக் குறைவான பேர் நீயும் நானும்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வசதி போகாத பழைய மெஷின் கிடைக்குமா என்று தாம்பரத்தில் ஒரு கேம் கடைக்கும் போனேன். பழைய மெஷினானாலும் நெட்டில் சேர்த்தால் அப்டேட் கேட்காமல் விடாது என்று சொல்லிவிட்டு, வீட்டில் இருப்பதை விற்கிறீர்களா என்று கேட்டான். வந்த வழியே பஸ் ஏறிவிட்டேன்.

மெஷினில் பேசுகிற வசதி இன்னும் இருக்கிறது, அதில் பேசலாமே என்று அருள்பாண்டி சொன்னார். சும்மா உட்கார்ந்து பேசினால் அதுவும் போன்தானே. நீ சின்ன வயசிலிருந்தே முகம் பார்த்துப் பேச மாட்டாய். படகில் இடது துடுப்பு உனக்கு, வலது துடுப்பு எனக்கு. கண் டிவியில் வரும் பாறை மேல் இருக்கும்போதுதான் உனக்கு வாய் திறக்கும். நீ வேலை பார்க்கும் குடோனில் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தியதை அப்படித்தான் சொன்னாய். ரூமில் கூட இருந்த பையன் போனபிறகு தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்பதையும் அப்படித்தான் சொன்னாய். நான் பாறையில் மோதினால் மட்டும், “இன்னாம்மா நீ” என்பாய். வீட்டில் இருந்தபோதுகூட நீ என்னிடம் அவ்வளவு பேசினதில்லை.

கடைசியாக ஆடின அன்று படகு குகைக்குள் போய்க்கொண்டிருந்தது. அப்போது நீ மெதுவாக, “நான் திரும்பி வந்துட்டா அப்பா இன்னா சொல்வாரு?” என்று கேட்டாய். நீ பக்கத்தில் இருக்கிற நினைப்பில் நான் திரும்பிப் பார்ப்பதற்குள் படகு கவிழ்ந்துவிட்டது. நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். அடுத்த வாரம் துடுப்புப் போடும்போது பதமாகக் கேட்கலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம்தான் இல்லாமல் போனது. போனில் கேட்டால், சும்மா கேட்டேன் என்கிறாய். சும்மா கேட்கிற குரல் எனக்குத் தெரியாதா?

நேற்று தூங்காமல் காத்திருந்து, நீ கேட்டதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவர் ஆயிற்றே, என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். டூட்டிக்குக் கிளம்பி, ஷூவை மாட்டிக்கொண்டு வெகுநேரம் வாசலிலேயே நின்றார். அப்புறம், “வர்றதுக்கு இன்னாத்துக்குக் கேக்கறான்? அவன் வூடுதான இது” என்றார். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று போனை நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடமே கொடுத்துவிட்டு, நீ எழுதிடு என்று போய்விட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கேதான் இருக்க வேண்டும் என்று உனக்கு மனசு இருந்தால் இரு ராஜா, நான் தடுக்கவில்லை. எங்களுக்காக மட்டும் இருக்காதே. நீ புறப்பட்ட அன்று பாஸ்டர் உன் போக்குக்கும் வரத்துக்கும் சேர்த்துத்தான் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார். போக்கு நல்லபடியாக ஆயிற்று. வரத்துக்கு நான் தினமும் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன்னைத் தேடும்
அம்மா
மெர்சி